எல்லாவற்றுக்கும் 'ஆச்சு' சொன்ன இயக்கி

எனக்கு மென்பொருள்காரர்களைக் கண்டால் ஆகாது. இரும்பும் கம்பியும் பொய் சொல்வதில்லை. சூடாகும், புகையும், கருகும். செத்தால் செத்துவிட்டேன் என்று நாற்றத்தாலேயே சொல்லிவிடும். மென்பொருள் செத்த பிறகும் திரையில் சிரித்துக்கொண்டிருக்கும். இதை ஜசிராவிடம் வாரம் ஒரு முறையாவது சொல்வேன். எங்கள் கம்பெனியின் மென்பொருள் முழுவதும் அவள்தான். இரும்பு முழுவதும் நான், எலிசேயு. மூன்றாவது ஆள் கிடையாது.

கம்பினாஸ் நகரில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறைகள். வங்கிகளுக்காகக் காசோலை படிக்கும் கருவி செய்துகொண்டிருந்தோம். காசோலைக் கட்டை ஒரு பக்கம் வைத்தால், அடியில் காந்த மையால் அச்சான எண்களைப் படித்து, கணினிக்குச் சொல்லி, மறுபக்கம் அடுக்கிவிடும். அந்த வருடங்களில் விலைவாசி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கையில் காசு வைத்திருந்தால் கரைந்துபோகும் என்று ஜனங்கள் ரொட்டிக்கும் காசோலை, முடி வெட்டுவதற்கும் காசோலை என்று கிழித்துத் தள்ளினார்கள். வங்கிகள் மூச்சுத் திணறின. எங்கள் கருவி நன்றாகவே விற்றது.

விற்றதுதான் வினையாகப் போயிற்று. வெளிநாட்டுக் கணினி நாட்டுக்குள் வரக்கூடாது என்று அப்போது சட்டம். அதனால் நான்கு ஊர்க்காரர்கள் நான்கு விதமாகச் சுதேசிக் கணினி செய்தார்கள். நான்கின் மூடியையும் நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெளிநாட்டுக் கணினியின் நகல். பெயர்ப்பலகை மட்டும் எங்கள் நாட்டுக் கொடியின் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். பிராசஸர் வேறு, இயங்குதளம் வேறு. ஆகவே எங்கள் ஒரே கருவிக்கு நான்கு இயக்கிகள் தேவைப்பட்டன. கணினிக்குக் கருவியின் பாஷை தெரியாது, கருவிக்குக் கணினியின் பாஷை தெரியாது. நடுவில் நின்று இரண்டையும் பேசவைக்கும் நிரல்தான் இயக்கி. தரகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜசிரா நான்கு தரகர்களை எழுதினாள். நாலாவதை முடிப்பதற்குள் முதல் ஊர்க்காரர் இயங்குதளத்தை மாற்றுவார். அதைச் சரிசெய்வதற்குள் இன்னொருவர் பிராசஸரை மாற்றுவார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள்.

அவள் மேசையின் ஓரத்தில், துணி போர்த்தி ஒரு பொருள் இருந்தது. செருப்புப் பெட்டி அளவில் ஒரு காசோலைக் கருவி. 'குட்டி' என்று கூப்பிடுவோம். பெரிய கருவி பெரிய கிளைகளுக்குத்தான் கட்டுப்படியாகும். சின்ன ஊர்க் கிளைகளில் ஒரே ஒரு குமாஸ்தா உட்கார்ந்து எண்களைக் கண்ணால் படித்துப் படித்துத் தட்டவேண்டும். ஜசிராவின் அக்கா இவோனெத்தி அப்படி ஒரு கிளையில்தான் வேலை பார்த்தாள். ஐம்பது வயது ஆவதற்குள் பார்வை மங்கி, பாட்டில் அடியைப் போல் ஒரு கண்ணாடி. குட்டி அவளைப் போன்றவர்களுக்காகத்தான். இரும்பு வேலையை நான் என்றோ முடித்துக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஜசிராவின் பங்கு. அதற்கு யாரும் தொந்தரவு செய்யாத சில மாதங்கள் வேண்டும். எந்த வருடமும் அந்தச் சில மாதங்கள் வந்ததில்லை.

"இந்த நாலு பேரும் ஒண்ணாயிட்டா நான் மனுஷியாயிடுவேன் இரும்பு," என்பாள். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

அந்த ஆசையில்தான் போய்க் குழுவில் விழுந்தாள்.

அரசாங்கம் அமைத்த தேசிய ஒரே இயக்கிக் குழு. தலைவர் தலைநகரிலிருந்து வந்த டாக்டர் எவரால்டோ. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் டாக்டர் பட்டம் வாங்கியவர் அல்ல. டை கட்டியிருந்தார், எங்கள் நாட்டில் அது போதும். திட்டம் கேட்க அழகாகத்தான் இருந்தது. நான்கு கணினிக்காரர்களும் தங்கள் இயங்குதளத்துக்கு மேல் ஒரு மேடை கட்டவேண்டும். நான்கு மேடையும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். இயக்கி மேடையோடு மட்டும் பேசும். அடியில் என்ன பிராசஸர், என்ன இயங்குதளம் என்பதைப் பற்றி அது கவலைப்படவேண்டாம். கருவி செய்கிறவர் ஒரே ஒரு முறை எழுதினால் போதும், ஆயுசுக்கும் ஓடும்.

"நடக்காது," என்றேன் நான்.

"ஏன் நடக்காதாம்?"

"இந்த நாட்டுல கரண்டே ஒண்ணா இல்ல. இங்க நூத்திப்பத்து, தலைநகர்ல இருநூத்தி இருபது. செவுத்துல இருக்கற ஓட்டையையே ஒண்ணாக்கத் துப்பில்ல. நீங்க கம்ப்யூட்டரை ஒண்ணாக்கப் போறீங்களாக்கும்."

"வாய வைக்காத. நீ வாய வச்சா வெளங்கவே வெளங்காது."

முதல் கூட்டத்துக்கு டாக்டர் எவரால்டோ பாதி முகச் சவரத்தோடு வந்தார். தலைநகரிலிருந்து கொண்டுவந்த மின்சவரக் கருவி எங்கள் ஊர் மின்சாரத்தில் முக்கி முனகி, இடது கன்னத்தோடு ஓய்ந்துவிட்டதாம். அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "நண்பர்களே, எங்கே செருகினாலும் வேலை செய்யணும். அதான் நம்ம லட்சியம்," என்றார். நான் ஜசிராவைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தாள்.

நான்கு கணினிக்காரர்களின் பெயரைச் சொன்னால் இன்றும் வழக்குப் போடுவார்கள். ஊரைச் சொல்கிறேன். ரியோக்காரர் எப்போதும் தாமதமாக வந்து, வந்ததும் பேச்சைப் பிடித்துக்கொள்வார். கூரிச்சிபாக்காரர் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லமாட்டார். சாவோ பாவ்லோக்காரர் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்கமாட்டார். மினாஸ்காரர் ஒரு கூடை நிறையப் பாலாடைக்கட்டி உருண்டை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டி, எதையும் செய்யாமல் திரும்பிப் போவார்.

பெரிய எண் ஒன்றை நினைவகத்தில் வைக்கும்போது அதன் முன்பாதியை முதலில் வைப்பதா, பின்பாதியை முதலில் வைப்பதா? ரியோவின் பிராசஸர் ஒரு விதம், கூரிச்சிபாவின் பிராசஸர் நேர் எதிர். இரண்டு பேரும் கட்டிப் புரளாத குறை. காபி வந்தது, போனது, மறுபடி வந்தது.

"எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து முன்பாதிதான் முதல்ல," என்றார் ரியோக்காரர்.

"உங்க கம்பெனி ஆரம்பிச்சே மூணு வருஷம்தான் ஆகுது," என்றார் கூரிச்சிபாக்காரர். அந்தக் கூட்டத்தில் அவர் பேசிய ஒரே வாக்கியம் அது.

டாக்டர் எவரால்டோ எழுந்து, "எண்கள் தகுந்தவாறு வைக்கப்படும்னு எழுதிக்கோங்க," என்றார். அறையில் நிம்மதிப் பெருமூச்சு. அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. கருவி எத்தனை நேரம் காத்திருக்கவேண்டும்? தகுந்தவாறு. பிழை வந்தால் யாரிடம் சொல்லவேண்டும்? தகுந்தவாறு. வருடக்கடைசியில் தலையணை கனத்துக்கு ஒரு விதித்தொகுப்பு தயாரானது. எந்தக் கணினியின் மனத்தையும் புண்படுத்தாத விதித்தொகுப்பு. எந்தக் கணினிக்கும் விளங்காததும் அதுதான்.

ஆனால் ஜசிரா அதை வேதமாக வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு 'தகுந்தவாறு'க்கும் பக்கத்தில் என்ன பொருள் என்று தானே யோசித்து முடிவு செய்து, உண்மையாக ஓர் இயக்கி எழுத ஆரம்பித்தாள். நம்பிக்கை வைத்துவிட்டால் அவள் அப்படித்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் மாதம் செயல்விளக்கம் என்று தேதி குறித்தார்கள். அதற்கு முன்பே இயக்கி அடங்கிய வட்டைத் தலைநகருக்கு அனுப்பவேண்டும் என்று கடிதம். ஜசிராவின் இயக்கி அப்போது பாதிதான் முடிந்திருந்தது. அவள் எலும்புக்கூட்டை அனுப்பினாள்.

எலும்புக்கூடு என்பது நிரல் எழுதுகிறவர்கள் முதலில் நிறுத்திவைக்கும் வெறும் சட்டகம். கருவி தயாரா என்று கேட்டால் 'ஆச்சு' என்னும். காசோலையைத் தள்ளினாயா? ஆச்சு. படித்தாயா? ஆச்சு. எதைக் கேட்டாலும் ஆச்சு, எதையும் செய்யாது. சதையைப் பிறகு ஒட்டுவார்கள். இதே குணத்தோடு நிரந்தர வேலையில் இருக்கும் மனிதர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை. முதலில் எலும்புக்கூட்டை அனுப்பிவிட்டு, விளக்கத்தன்று காலையில் உண்மையான வட்டை நைசாக மாற்றி வைப்பது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஜசிராவும் கடைசி வாரம் தூங்காமல் எழுதி முடித்து, வட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் நான்கு கணினிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கள் கருவி ஒன்று. டாக்டர் எவரால்டோ மேடையேறி, சிவப்பு அரக்கு முத்திரை வைத்த உறையை உயரத் தூக்கிக் காட்டினார். முழுச் சவரம் செய்திருந்தார்.

"நண்பர்களே, சூது வாது எதுவும் நடக்கக்கூடாதுன்னு வட்டை நானே முத்திரை போட்டு, நானே கொண்டுவந்து, இப்ப நானே போடப்போறேன்!"

ஜசிரா என் முழங்கையைப் பிடித்தாள்.

"இரும்பு, அதுல இருக்கறது எலும்புக்கூடு."

"என்னது?"

"கருவி அசையவே அசையாது. எல்லார் முன்னாலயும் மானம் போகப்போகுது. குட்டியும் போச்சு, நாமளும் போயாச்சு."

ஓடிப்போய் வட்டைப் பிடுங்கலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் டாக்டர் முதல் கணினியில் வட்டைச் செருகிவிட்டார். பொத்தானை அழுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கருவி ஓடியது.

கட்டிலிருந்த காசோலைகள் எல்லாம் சரசரவென்று ஓடி மறுபக்கம் அடுக்கிக்கொண்டன. திரையில் எண்கள் ஒன்று பிசகாமல் வந்தன. கைதட்டல். இரண்டாவது கணினி, மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றிலும் ஓடியது. டாக்டர் எவரால்டோவின் கண்ணில் நீர். எனக்கும் ஆனந்தக் கண்ணீர் வரத்தான் பார்த்தது. அப்போதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு முறையும் ஓட ஆரம்பிக்கும் முன் கருவி இரண்டு முறை தும்மியது.

அந்தத் தும்மல் எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் முன்பு ரியோவின் ஈரக்காற்றில் காசோலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டை இரண்டு தடவை உலுக்கிவிட்டால் பிரிந்துவிடும் என்று ஜசிரா பழைய இயக்கிகளில் அதை எழுதி வைத்தாள். புதிய இயக்கியில் அது கிடையாது. எலும்புக்கூட்டில் எதுவுமே கிடையாது. அப்படியானால் தும்மியது யார்?

ஜசிராவின் முகத்தைப் பார்த்தேன். தன் குழந்தையை அடுத்தவர் வீட்டு ஜன்னலில் பார்த்தவளைப் போல் நின்றுகொண்டிருந்தாள்.

"என் பழைய இயக்கி," என்றாள். "நாலு பேரும் மேடைய கட்டவே இல்ல இரும்பு. மேடைன்னு ஒரு துணியக் கட்டிட்டு, அடியில என் பழைய இயக்கிய ஒளிச்சு வச்சிருக்கானுங்க."

காபி மேசைக்குப் போனோம். மினாஸ்காரர் கூடையோடு வந்து, அவள் கையில் ஓர் உருண்டையை வைத்தார்.

"ஜசிராம்மா, ஒரு சின்ன சங்கதி. எங்களுக்கு மேடை கட்ட நேரமே கிடைக்கல. உங்க பழசையே அடியில போட்டு ஓட்டிட்டோம். ஆறு மாசத்துல நெஜமாவே கட்டிடறோம், எங்கம்மா மேல ஆணை. ஆனா மத்த மூணு பேர் காதுல விழுந்துடக் கூடாது. பாவம், அவங்கல்லாம் ராப்பகலா உழைச்சுக் கட்டியிருக்காங்க, எங்களை மட்டமா நெனச்சுடுவாங்க."

அவர் நகர்ந்ததும் சாவோ பாவ்லோக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து அதையே சுருக்கமாகச் சொன்னார். பிறகு ரியோக்காரர் வந்து அதையே விரிவாகச் சொன்னார். கூரிச்சிபாக்காரர் வந்து நின்று, வாயைத் திறக்கத் தயங்கினார்.

"மத்த மூணு பேருக்குத் தெரிய வேணாம், அதானே?" என்றேன் நான்.

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான்கு பேர் ஒரே தட்டில் ஆளுக்கொரு பூசணிக்காயை மறைத்து, அடுத்தவன் சோற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை அன்றுதான் கண்டேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜசிராவுக்கு வரவில்லை.

"சிரிக்காத. இந்தப் பொய்ய வச்சுச் சட்டம் போட்டுட்டா நெஜ மேடைய எவனும் கட்ட மாட்டான். நான் டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்."

"சொன்னா?"

"சொன்னா, மறுபடி சோதனை வைப்பாங்க. அப்ப கட்டித்தானே ஆகணும்?"

அன்று சாயங்காலம் மண்டபத்தின் முற்றத்தில் ஜூன் திருவிழா. வெற்றி விழாவையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். நடுவில் தீ மூட்டி, சோளம் வாட்டி, இஞ்சி போட்டுக் காய்ச்சிய சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். திருவிழா வழக்கப்படி எல்லோரும் பட்டிக்காட்டு வேஷம். டாக்டர் எவரால்டோ வைக்கோல் தொப்பி வைத்து, ஒட்டுப்போட்ட சட்டை மாட்டி, பல் விழுந்ததுபோல் தெரிய முன்பல்லில் ஒன்றுக்குக் கறுப்பு மை பூசியிருந்தார். ஜசிரா அவர் பக்கத்தில் போவதற்குள் ஜோடி நடனம் தொடங்கிவிட்டது. டாக்டர் நடுவரிசையில் மாட்டிக்கொண்டார்.

அந்த நடனத்தில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கட்டளை போடுவார். 'மழை வருது!' என்று கத்தினால் ஜோடிகள் அலறிக்கொண்டு திரும்பி ஓடவேண்டும். உடனே 'பொய்!' என்பார், எல்லோரும் சிரித்துக்கொண்டு பழையபடி முன்னால் ஆடிப்போகவேண்டும். சின்ன வயதிலிருந்து ஆடிப் பழகிய கால்கள், யாரும் யோசிப்பதில்லை. அன்று ஒலிபெருக்கி ரியோக்காரரிடம். வேறு யாரிடம் இருக்கும்?

"பாம்பு! பாம்பு!" என்று அலறினார். பெண்கள் கத்தினார்கள். சாவோ பாவ்லோக்காரர் கடிகாரத்தை மறந்து துள்ளினார்.

"பொய்!"

எல்லோரும் சிரித்துத் திரும்பினார்கள்.

"பாலம் ஒடஞ்சு போச்சு!"

"அய்யய்யோ!"

"பொய்!"

ஜசிரா நேராக நடந்துபோய் அவர் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"இயக்கி காலி!" என்று கத்தினாள். "வட்டுல ஒண்ணுமே இல்ல! மேடையும் கட்டல! நாலு பேரும் ஏமாத்திட்டாங்க!"

"அய்யய்யோ!" என்று முற்றமே அலறியது. ஜோடிகள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடின. டாக்டர் எவரால்டோ தொப்பி விழ, கறுத்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடினார். இத்தனை புதுமையான கட்டளையை யாரும் கேட்டதில்லை.

ரியோக்காரர் குனிந்து, ஒலிபெருக்கி அவள் கையில் இருக்கும்போதே அதில் வாயை வைத்தார்.

"பொய்!"

சிரிப்பில் தீயே அணைந்துவிடும் போலிருந்தது. எல்லோரும் திரும்பிவந்து ஆடினார்கள். மேளமும் அக்கார்டியனும் இன்னும் வேகமாகப் போயின. டாக்டர் ஆடிக்கொண்டே அவளைக் கடக்கும்போது, "அருமை ஜசிராம்மா, அடுத்த வருஷமும் நீங்கதான் இதைச் சொல்லணும்!" என்று கத்திவிட்டுப் போனார். ஜசிரா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கிண்ணம் இஞ்சிச் சாராயத்தை மடமடவென்று குடித்தாள்.

சட்டம் வந்தது. நான்கு கணினிகளுக்கும் மேடை உண்டு என்று சான்றிதழ். எங்கள் வட்டுக்கு 'முதல் தேசிய ஒரே இயக்கி' என்று பட்டம். அளவில் இத்தனை சிறிய இயக்கி உலகத்திலேயே கிடையாது என்று ஒரு பத்திரிகை எழுதியது. பாவம், அதுவாவது உண்மையை எழுதியது.

ஜசிரா சட்டத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். மறுபடி படித்தாள். பிறகு சிரித்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"இரும்பு, இதைக் கேளு. கருவி செய்யறவங்க சான்றிதழ் வாங்கின இயக்கியத் தவிர வேற இயக்கி எதையும் தரக்கூடாதாம். தந்தா அபராதம்."

"குதிரை கீழ தள்ளினதோட குழியும் பறிச்சுதாம்."

"மக்கு. இனிமே நான் நாலு பேருக்கும் எதுவும் எழுத வேணாம்டா! எழுதினாத்தான் குத்தம்!"

அப்படித்தான் எங்களுக்கு விடுதலை வந்தது. ரியோக்காரர் பிராசஸரை மாற்றிவிட்டுத் தொலைபேசியில் கெஞ்சினார்.

"ஜசிராம்மா, புது மெஷினுக்கு இயக்கி?"

"ஆச்சு. வட்டு தபால்ல வருது."

"அந்த வட்டு இல்லம்மா, நெஜ இயக்கி..."

"நெஜமா? அது சட்ட விரோதமாச்சே."

"அப்ப நாங்களே எழுதணுமா?"

"நீங்கதான் மேடை கட்டிட்டீங்களே. கட்டல?"

ரியோக்காரர் போனை வைத்துவிட்டார். நாலு ஊர்க்காரர்களும் ஆள் வைத்து, அவளுடைய பழைய இயக்கியைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். அவள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு குட்டியின் துணியை எடுத்தாள். அதுவரை அவள் பாடுவதை நான் கேட்டதே இல்லை. கர்ணகொடூரம். ஆனாலும் கேட்டுக்கொண்டே கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்; எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

குட்டிக்கு ஓர் உண்மையான இயக்கி எழுதினாள். சட்டப்படி, விதித்தொகுப்பின்படி, மேடையோடு மட்டும் பேசுவது. எந்த பிராசஸரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதது. ஆறு மாதத்தில் கட்டிவிடுவோம் என்று நால்வரும் தனித்தனியாகச் சத்தியம் செய்திருந்தார்கள். சத்தியம் செய்து அப்போது பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா மேல் ஆணையிட்டவரின் கணினியில் முதலில் பார்ப்போம் என்று மினாஸ்காரரிடமிருந்து சான்றிதழ் ஒட்டிய புதுக் கணினி ஒன்றை இரவல் வாங்கினோம். இவோனெத்தி செல்லாத பழைய காசோலைகளை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"கடைசிக் காலத்துலயாவது இந்தக் கண்ணுக்கு லீவு குடுங்கடி," என்று குட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஜசிரா கட்டை வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

கருவி தயாரா? திரையில் 'ஆச்சு' என்று வந்தது.

காசோலை தள்ளியாயிற்றா? ஆச்சு.

படித்தாயிற்றா? ஆச்சு.

குட்டி அசையவில்லை. கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. நான் என் பங்குக்குக் கம்பிகளைச் சோதித்தேன். எல்லாம் சரி, ஒரு மின்துடிப்புகூடக் கணினியிலிருந்து வரவில்லை. ஜசிரா கணினியின் உள்ளே போய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மேடை என்று பெயர் எழுதிய இடத்தில் எங்கள் பெரிய கருவிக்கு மட்டும் ஒரு குறுக்குவழி இருந்தது. வேறு எந்தக் கருவி எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் எழுதியிருந்தது. அவர்களும் ஓர் எலும்புக்கூட்டைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

அன்று எங்கள் வெறும் இயக்கி அவர்களுடைய கணினியில் 'ஆச்சு' சொன்னது. இன்று அவர்களுடைய வெறும் மேடை எங்கள் முழு இயக்கிக்கு 'ஆச்சு' சொன்னது. மற்ற மூன்று கணினிகளையும் கேட்டுப்பார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அடுத்த வாரம் கேட்டுப்பார்த்தோம். அதே பதில்தான்.

"என்னடி, ஓடுதா?" என்றாள் இவோனெத்தி. திரையின் எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது. "ஆச்சா?"

ஜசிரா பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள். எனக்கு அந்த நான்கு பேரையும் இழுத்துவந்து இந்த அம்மாவின் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தவேண்டும் போல் ஆத்திரமாக வந்தது. நடக்காது என்று முதல் நாளே சொன்னவன் நான்தான். சொன்னது பலித்ததில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

தொலைபேசி அடித்தது. டாக்டர் எவரால்டோ. எங்கள் இரண்டு பேரின் காதிலும் விழும் குரல் அவருக்கு.

"ஜசிராம்மா! ஜூன் திருவிழா வருது, மறந்துடாதீங்க. அந்த ஒலிபெருக்கி உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. ஆமா, புதுக் கருவி ஒண்ணு செய்யறீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரே இயக்கியில ஓடுது இல்ல? சான்றிதழுக்கு எழுதிடலாமா?"

ஜசிரா அக்காவைப் பார்த்தாள். அசையாத கட்டைப் பார்த்தாள்.

"ஆச்சு, டாக்டர்," என்றாள். போனை வைத்தாள்.

பிறகு குட்டிக்காகச் சட்டப்படி எழுதிய இயக்கியின் வட்டைக் கணினியிலிருந்து வெளியே எடுத்து, காபிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தாள். நாற்காலியை மினாஸ்காரரின் கணினிக்கு முன்னால் இழுத்துப்போட்டாள். சட்ட விரோதமான முதல் இயக்கியின் முதல் வரியைத் தட்ட ஆரம்பித்தாள்.

"நாலும் எழுதணுமா?" என்று கேட்டேன்.

"நாலும்தான். அக்கா, முதல் காசோலையோட நம்பரைப் படி. சரிபாக்கறதுக்கு வேணும்."

இவோனெத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காசோலையை மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.